ஒன்பது கிலோ கொழுப்பு

எங்கள் பக்கத்தில் டீசல் இன்ஜின் வரைகிறவர்களை யாரும் வெறுப்பதில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் கிடைத்தால் சும்மா விடவும் மாட்டார்கள். இத்தாலியில் மொதேனாவைச் சுற்றியுள்ள ஊர்களில் தடுக்கி விழுந்தால் பந்தயக் கார்த் தொழிற்சாலைக்காரன் ஒருவன் மேல்தான் விழ வேண்டும். அலறுவதுதான் இன்ஜின், அலறாததெல்லாம் தண்ணீர் இறைக்கும் பம்பு என்று நினைக்கிற ஜனம். அந்த ஜனத்துக்கு நடுவே, பனாரோ ஆற்றங்கரையில், பொம்போர்தோவில், டீசல் இன்ஜின் வரைந்து தலை நிமிர்ந்து நடந்தவள் நிவெஸ் காவியோலி.

அவளுடைய கணவன் வெர்தெர் கசாப்புக்கடைக்காரன், வாய் அதிகம் திறக்காதவன். அவனுக்கும் சேர்த்துப் பேச அவனுடைய அண்ணன் எர்மெஸ் இருந்தான். எர்மெஸ் பந்தயக் கார்த் தொழிற்சாலையில் இன்ஜின் பூட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வீட்டுக்குச் சாப்பிட வந்தால், லம்ப்ரூஸ்கோ ஒயின் முதல் கிளாஸ் உள்ளே இறங்குவதற்குள் ஆரம்பித்துவிடுவான்.

"என்ன நிவெஸ், உன் இன்ஜின் ஓடுதா, இருமுதா?"

"ஓடுது. உன் கார் ஒரு டாங்க் பெட்ரோல்ல பொலோஞ்ஞா போய்ச் சேருமா, இல்ல பாதி வழியில எறங்கித் தள்ளணுமா?"

"எங்க காரைத் தள்ளுறதுக்கே ஆள் வரிசையில நிப்பான். உன்னுத ஓட்டச் சொன்னாலும் வர மாட்டான்."

"உன் காரு ஞாயித்துக்கிழமை ஓடுது எர்மெஸ். மத்த ஆறு நாளும் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஜனம் எதுல போவுது? என்னுதுலதான். நீயே வாசல்ல எதை நிறுத்திட்டு உள்ள வந்த?"

எர்மெஸ் வாசலில் நிறுத்தியிருந்தது டீசல் கார். வெர்தெர் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்து ரொட்டி வெட்டினான்.

நிவெஸின் அப்பா நேரியோ பன்றித் தீவனம் ஏற்றும் லாரி ஓட்டியவர். குளிர்காலத்துக் காலைகளில் அந்த லாரியைக் கிளப்பினால் தெருவே எழுந்துவிடும். ஏன் இது இப்படிக் கத்துகிறது என்ற கேள்வியோடுதான் நிவெஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அங்கே பேராசிரியர்கள் எல்லாரும் பந்தய இன்ஜின் பற்றியே பேசினார்கள். படிப்பு முடிந்ததும் அவளுக்குப் பந்தயக் கார்த் தொழிற்சாலையிலேயே இடமும் இருந்தது. அவள் போகவில்லை. சொந்த ஊர் டீசல் தொழிற்சாலையின் வடிவமைப்புக் கூடத்தில் சேர்ந்தாள். அறுபது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். முதல் மாதம் அவளைக் காப்பி கொண்டுவரச் சொன்னவனுக்கு அவள் காப்பி கொண்டு வந்தாள், அவன் வரைந்த குழாய் எந்த இடத்தில் போல்ட்டின் மேல் முட்டுகிறது என்பதையும் ஒரு தாளில் குறித்துக் காப்பித் தட்டின் கீழ் வைத்துக் கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு எல்லாரும் தங்கள் காப்பியைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. ஐரோப்பாவில் பாதிப்பேர் டீசல் கார் வாங்கிக்கொண்டிருந்த காலம். புகை விதிகள் வருஷத்துக்கு வருஷம் இறுகிக்கொண்டிருந்தன. பழைய இன்ஜின்களை ஒட்டுப்போட்டு ஓட்டியது போதும், வெள்ளைத் தாளிலிருந்து ஒரு புதிய குடும்பத்தையே வரையுங்கள் என்று மிலான் தலைமை அலுவலகம் உத்தரவு போட்டது. நான்கு சிலிண்டர். ஒன்று புள்ளி ஆறு லிட்டரில் சின்னது, இரண்டு லிட்டரில் பெரியது. சின்னக் காரில் குறுக்காகவும் உட்கார வேண்டும், பெரிய காரில் நீளவாட்டிலும் உட்கார வேண்டும். புகையைக் கழுவும் பெட்டியை இன்ஜினோடு ஒட்டியே மாட்ட வேண்டும். தள்ளி வைத்தால் அது சூடேறாது, சூடேறாவிட்டால் கழுவாது. இத்தனையும் ஒரே பிளாக்கிலிருந்து, ஒரே இயந்திர வரிசையில் பிறக்க வேண்டும். ஒரே ஈற்றில் பிறந்தவை என்பதால் கூடத்தில் எல்லாரும் அவற்றைப் "பன்றிக்குட்டிகள்" என்று அழைத்தார்கள். மிலானுக்குப் போகும் கடிதங்களில் மட்டும் வேறு பெயர் இருந்தது.

பிளாக் என்பது இன்ஜினின் உடம்பு. மற்றதெல்லாம் அதற்குள்ளோ அதன்மேலோதான் உட்காரும். அது நிவெஸின் பொறுப்பு. ஒரு குடும்பத்தில் எதை வேண்டுமானாலும் பிறகு மாற்றலாம். ஒரு சிலிண்டரின் நடுவிலிருந்து அடுத்த சிலிண்டரின் நடு வரை உள்ள தூரத்தை மட்டும் மாற்ற முடியாது. தொழிற்சாலையின் இயந்திரங்கள் முழுவதும் அந்தத் தூரத்துக்குத்தான் செய்யப்படும். அதைக் குறைத்தால் இன்ஜின் குட்டையாகும், சின்னக் காரில் குறுக்காக உட்காரும். ரொம்பக் குறைத்தால், பெரிய தம்பியான இரண்டு லிட்டருக்குத் துளை அகலமாகும்போது இரண்டு சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் சுவர் அப்பளம் மாதிரி ஆகிவிடும். நிவெஸ் அந்தத் தூரத்தை எவரும் துணியாத அளவுக்குக் குறைத்தாள். ஒரு குளிர்காலம் முழுக்க அதற்காக எல்லாரோடும் சண்டை போட்டாள். கடைசியில் கூடத்தின் இயக்குநர் மலகோலி கையெழுத்துப் போட்டார்.

"இன்ஜினியர் காவியோலி, நான் கையெழுத்துப் போடுறது உங்க வரைபடத்துக்கு இல்ல, உங்க தொண்டைக்குப் பயந்துதான்," என்றார்.

இனி எங்கள் கூடத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. ஒரு புது இன்ஜின் சோதனை மேடையில் விதித்த ஓட்டத்தை ஓடி முடித்ததும் அதைக் கழற்றி, நீளமான மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு பாகமாகப் பரப்பி வைப்பார்கள். விருந்துக்கு மேசை போடுவது போலவே இருக்கும். வரைந்தவர்கள் அவரவர் பாகத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். மற்றவர்கள் விரலால் தடவுவார்கள், லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். எவருடைய பாகத்தில் கீறலோ விரிசலோ அகப்படுகிறதோ, அவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு அன்று மத்தியானம் எல்லாருக்கும் இறைச்சி பொதிந்த தொர்தெல்லீனி போட்ட சூப்பு பரிமாற வேண்டும். வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஆளுக்கொரு கேலி சொல்லிவிட்டுத்தான் தட்டை நீட்டுவார்கள். கேலி அன்றோடு போகாது. மதுக்கடைக்கு வரும், தேவாலய வாசலுக்கு வரும். எண்ணெய் பம்பு வரைந்த ஒருவரை அவர் ஓய்வு பெறும் வரை "சூப்பு ஒழுகுதா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிவெஸ் அந்த ஏப்ரனைக் கட்டியதே இல்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கொஞ்சம்கூடக் கூச்சம் கிடையாது.

குட்டிகள் பிறந்தன, ஓடின, இழுத்தன. ஒரே ஒரு குறை. மிலான் சொன்ன எடையைவிட ஒன்பது கிலோ கூடுதல். அந்தச் சமயம் பார்த்து மிலானிலிருந்து இன்னொரு செய்தியும் வந்தது. ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப்புறம் இதே கம்பெனிக்கு இன்னொரு வடிவமைப்புக் கூடம் உண்டு. அவர்களும் நான்கு சிலிண்டர் டீசல் ஒன்று வரைந்திருக்கிறார்கள். கம்பெனிக்கு இரண்டு குடும்பம் தேவையில்லை. அடுத்த கோடைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். எடை மீறியது எதுவானாலும் பார்க்கவே மாட்டார்கள்.

மலகோலி எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஒம்பது கிலோ. யார் யார் எவ்வளவு குறைக்கிறீங்க?"

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கை வரைந்த இவானோ கையை விரித்தான். "என் கிராங்க்ல ஒரு கிராம் கூட அதிகம் இல்ல. வேணும்னா என் எடையைக் குறைக்கச் சொல்லுங்க, பொண்டாட்டி சந்தோஷப்படுவா."

பிஸ்டன் வரைந்த தெயான்னாவும் அதையே சொன்னாள். சிலிண்டர்களின் மூடியான ஹெட்டை வரைந்தவன் சொன்னான், பம்புக்காரன் சொன்னான். நிவெஸ் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். "பிளாக்கைத் தொடாதீங்க. அதுல இருக்கிறது எலும்பு மட்டும்தான்."

எல்லாரும் உத்தமர்கள். ஒன்பது கிலோ மட்டும் எங்கிருந்தோ வந்து தானாக ஏறிக்கொண்டது.

நீண்ட ஓட்டம் முடிந்து மேசை போடும் நாள் வந்தது. எடை கூடுதலாக இருந்தாலும் இன்ஜின் உறுதியானது என்று காட்டிவிட்டால் மிலானிடம் வாதாடலாம் என்பது மலகோலியின் நம்பிக்கை. வெள்ளைத் துணியில் குட்டி முழுசாகப் பரப்பப்பட்டது. நான்கு பிஸ்டனும் வரிசையாக நின்றன. கிராங்க் கண்ணாடியாக மின்னியது. எல்லாரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஒரு கீறல் கிடையாது. பேரிங்குகள் அன்று காலையில் டப்பாவிலிருந்து எடுத்தவை போல இருந்தன. இவானோ கை தட்ட ஆரம்பித்தான், கூடமே சேர்ந்து தட்டியது. அப்படி ஒரு சுத்தமான மேசையை யாரும் கண்டதில்லை. குற்றவாளி இல்லாததால் பரிமாற ஆள் இல்லை, மலகோலியே கரண்டியை எடுத்துக்கொண்டு குஷியாகச் சூப்பு ஊற்றினார்.

நிவெஸ் தட்டை வாங்கிக்கொண்டு மேசைப் பக்கமே போய் நின்றாள். மற்றவர்கள் சாப்பிட்டு லம்ப்ரூஸ்கோவும் திறந்துவிட்டார்கள். அவள் ஒரு பேரிங்கை எடுத்து விரலால் தடவினாள், வைத்தாள், அடுத்ததை எடுத்தாள். ஒரு போல்ட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் பிளாக்கின் முன் வந்து நின்று, கிராங்கைத் தாங்கும் சுவரில் கையை வைத்தாள். அந்தச் சுவரை வரைந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கணக்கு ஒரு கனம் சொன்னது. சரி, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் சேர்த்து வரைந்தாள். மறுநாள் இன்னொரு சுவரிலும் கொஞ்சம். கணக்கில் சந்தேகம் இருந்து சேர்க்கவில்லை. ஏப்ரன் கட்டிக்கொண்டு இவானோவுக்குச் சூப்பு ஊற்றும் காட்சி கண்ணில் வந்துதான் சேர்த்தாள்.

சூப்பு ஆறிப்போனது. அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. தட்டை மேசையில் டங்கென்று வைத்தாள். வெள்ளைத் துணியில் சூப்பு தெறித்தது, எல்லாரும் திரும்பினார்கள்.

"இவ்வளவு ஓட்டம் ஓடியிருக்கு, ஒண்ணு கூடத் தேயலையே," என்றாள்.

"அதுக்குத்தானே கை தட்டினோம்," என்றான் இவானோ.

"தேயணும்டா. கொஞ்சமாவது தேயணும். இது எதுவுமே தன் முழு பலத்தைக் காட்டவே இல்ல. எல்லாம் உக்காந்து சாப்பிட்டிருக்கு. ஏன் தெரியுமா? நம்ம எல்லாருக்கும் உடையிறதுக்குப் பயம் இல்ல, அந்த ஏப்ரனுக்குத்தான் பயம். ஆளாளுக்குக் கொஞ்சம் கொழுப்பை உள்ள ஒளிச்சு வச்சிருக்கோம். ஒம்பது கிலோ அதுதான்."

"உன் பிளாக்கைப் பத்திப் பேசு. என் கிராங்க்கைப் பத்திப் பேசாத."

"என் பிளாக்கைப் பத்தித்தான் பேசுறேன். அதுல மூணு கிலோ வேண்டாத அலுமினியம் இருக்கு. நான்தான் போட்டேன். பயந்து போட்டேன்."

இப்படிச் சொல்லிவிட்டு அவள் ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மலகோலியின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள். யாரும் கேலி சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இவானோ எழுந்து, தன் தட்டையும் கிளாஸையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். தெயான்னா மட்டும் தட்டை நீட்டினாள்.

"எனக்கு ரெண்டாவது தடவை ஊத்து," என்றாள். "பிஸ்டன் ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் எடுக்கலாம்னு நெனைக்கிறேன்."

இவானோ பல நாள் நிவெஸோடு பேசவில்லை. பிறகு ஒரு காலை அவள் வேலைக்கு வந்தபோது மேசையில் கிராங்கின் புது வரைபடம் கிடந்தது. எதிர் எடைகள் அளவாகச் செதுக்கப்பட்டிருந்தன. அவள் தலையை நிமிர்த்திக் கூடத்தின் மறுகோடியைப் பார்த்தாள். இவானோ தன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "என் கிராங்க்தான் உன்னோட பேச வந்திருக்கு, நான் வரல," என்றான்.

கொழுப்பு எடுப்பது லேசான வேலை இல்லை. வெர்தெரைக் கேட்டால் சொல்வான்: கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கினால் இறைச்சி போய்விடும். நிவெஸ் பிளாக்கின் சுவர்களை மெலிதாக்கினாள். உடனே வேறு வம்பு வந்தது. மெலிந்த சுவர் அதிர்ந்தது, அதிர்ந்ததும் இன்ஜின் நேரியோவின் லாரி மாதிரிக் கத்தியது. அவள் சோதனை அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று காதில் விரல் வைத்துக்கொண்டு அழாத குறையாகக் கேட்டாள். எத்தனை வருஷம் அந்தச் சத்தத்தோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

தெயான்னாவும் அவளும் உட்கார்ந்து யோசித்தார்கள். டீசல் சத்தம் போடுவது எதனால்? டீசல் எண்ணெய் மொத்தமாக உள்ளே பாய்ந்து, மொத்தமாகப் பற்றிக்கொள்வதால். தெயான்னா அதைப் பிரித்தாள். முதலில் ஒரு சொட்டு, கொஞ்சம் சூடேறட்டும். இன்னொரு சொட்டு. பிறகுதான் முழு அளவு. கண் இமைப்பதற்குள் இத்தனையும் நடந்து முடிய வேண்டும், அதுவும் நான்கு சிலிண்டரிலும் மாற்றி மாற்றி. நிவெஸ் தன் பங்குக்கு, எடுத்த அலுமினியத்தில் கைப்பிடியளவைத் திருப்பிப் போட்டாள். ஆனால் சுவர் முழுக்கப் பூசவில்லை. அதிர்வு எங்கே பிறக்கிறதோ அங்கே மட்டும், இலை நரம்பு போல மெல்லிய வரம்புகளாக வைத்தாள். சத்தம் அடங்கியது. சோதனை அறைக்காரர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே செய்தித்தாள் படித்தார்.

தராசில் ஏற்றினார்கள். மிலான் சொன்ன எடைக்குக் கீழே வந்திருந்தது.

நிவெஸ் அத்தோடு விடவில்லை. விதித்த ஓட்டம் முடிந்ததும் கழற்றுகிற வழக்கம் வேண்டாம், சோதனைக்கென்று செய்த மூன்று இன்ஜினில் ஒன்றை எது முதலில் உடைகிறதோ அதுவரைக்கும் ஓட்டுவோம் என்றாள். மலகோலிக்கு வேர்த்தது. ஆனாலும் சம்மதித்தார். ஒரு பெரிய தம்பியை, இரண்டு லிட்டரை, மேடையில் பூட்டினார்கள். முழுச் சுமையில் கொதிக்கக் கொதிக்க ஓட்டுவது, உடனே குளிர்ந்த நீரைப் பாய்ச்சுவது, மறுபடி கொதிக்க வைப்பது என்று வதைத்தார்கள். விதித்த ஓட்டத்தைத் தாண்டியது. அதற்கு மேலும் பாதி ஓட்டம் ஓடியது. பிறகு தண்ணீர் அளவு குறைய ஆரம்பித்தது.

கழற்றிப் பார்த்தபோது இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே, அவள் ஒரு குளிர்காலம் சண்டை போட்டு மெலிதாக்கிய அந்தச் சுவரில், தலைமுடி போல ஒரு விரிசல்.

அதை முதலில் பார்த்தது மலகோலி. தலைமை அலுவலகத்திலிருந்து டாக்டர் பெல்த்ராமி மறுநாள் வருகிறார். இரண்டு கூடங்களில் எதைத் தேர்வது என்பது அவர் கையில். மலைக்கு அந்தப்புறத்துக் கூடத்தை அவர் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. மலகோலி நிவெஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மத்த ரெண்டு இன்ஜின் சுத்தமா இருக்கு. விதிச்ச ஓட்டத்தை ஓடி முடிச்சிருக்கு. மேசையில அதுல ஒண்ணைப் போடுவோம். இது பொய் இல்ல, இன்ஜினியர் காவியோலி. அவங்க கேட்டது அவ்வளவுதான்."

"உடைஞ்சதை எங்க வைப்பீங்க?"

"கிடங்குல. அவங்க போனதும் எடுத்து நீங்க ஆற அமரப் பாருங்க."

"விரிசல் என்னோடது. அது மேசையில இருக்கும்."

"நம்ம பிளாக் உடைஞ்சிருக்குன்னு அந்தம்மா பாத்தா, நாளைக்கே வேலை மலைக்கு அந்தப்பக்கம் போயிடும். இந்தக் கூடத்துல எத்தனை குடும்பம் இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். என் குடும்பமும் அதுல ஒண்ணு." அவள் குரல் தணிந்தது. மலகோலி அதற்குத்தான் பயந்தார், அவள் கத்தியிருந்தால் பழக்கமான விஷயம். "போன தடவை உடையாததைக் காட்டித்தான் நாம ஏமாந்தோம். இப்பதான் முதல் தடவையா எனக்கு என் பிளாக்கைத் தெரியும். அதை ஒளிச்சு வச்சு ஜெயிச்சா, ஜெயிச்சது யாரு?"

மலகோலி எழுந்து போய்ச் சாத்திய கதவைத் திறந்தார். பிறகு, "மேசை உங்களோடது," என்றார்.

அன்று வீட்டில் நிவெஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தோற்றுவிட்டால் ஊரில் யார் முகத்திலும் விழிக்க முடியாது என்று வெர்தெரிடம் சொன்னாள். கூடத்தில் வேலை போகிறவன் ஒவ்வொருவனும் அவளை நினைத்துக்கொள்வான்.

"விரிசலை எடுத்து உள்ள வச்சிடேன்," என்றான் வெர்தெர்.

"முடியாது."

"அப்ப சாப்பிடு," என்று தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

மறுநாள் காலை அவள் பிளாக்கை வெள்ளைத் துணியின் நடுவே விரிசல் மேலே தெரியும்படி வைத்தாள். சாக்பீஸால் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அப்புறம், வழக்கம் வழக்கம்தான் என்பதால், ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு தன் பாகத்துக்குப் பின்னால் போய் நின்றாள். இவானோ அவளைத் தாண்டிப் போகும்போது, "சூப்புல உப்பு பாத்துப் போடு," என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

டாக்டர் பெல்த்ராமி குள்ளமான பெண்மணி, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். மேசையை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். கிராங்கைப் பார்த்தார், பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்தார். எடைத் தாளைப் பார்த்துத் தலையசைத்தார். சாக்பீஸ் வட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"விரிசல்," என்றாள் நிவெஸ். "பிளாக் நான் வரைஞ்சது."

"இதை எதுக்கு எங்கிட்ட காட்டுறீங்க?"

"இந்த இன்ஜின்ல முதல்ல உடையிறது இதுதான். நீங்க கேட்ட ஓட்டத்தைத் தாண்டி, அதுக்கு மேல பாதி ஓடின பிறகு. இதே இடம், இதே பக்கம். எந்தச் சூட்டுல, எவ்வளவு அழுத்தத்துல ஆரம்பிக்கும்னு இப்ப எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் இதுக்கப்புறம்தான் உடையும்."

பெல்த்ராமி குனிந்து விரிசலை விரலால் தடவினார்.

"மலைக்கு அந்தப்புறம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்," என்றார், யாரிடம் என்று இல்லாமல். "உங்க இன்ஜின்ல எது முதல்ல உடையும்னு. எதுவும் உடையாதுன்னு சொன்னாங்க. நல்லவங்கதான், கெட்டிக்காரங்கதான். ஆனா அந்த இன்ஜினை லட்சக்கணக்குல செஞ்சு ஜனங்க கையில கொடுக்கப்போறவ நான். நாளைக்கு அதுல இன்னும் கொஞ்சம் சக்தி கேப்பாங்க, அதுக்கு அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். எதுவரைக்கும் இழுக்கலாம்னு சொல்ல அங்க ஆள் இல்ல."

அவர் நிமிர்ந்து நிவெஸைப் பார்த்தார். ஏப்ரனைப் பார்த்தார். அது எதற்கென்று கேட்கவில்லை. யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

"இந்தச் சுவரை எப்படி உறுதியாக்குவீங்க?"

"மாட்டேன். இப்ப இருக்கிற சக்திக்கு இது போதும். நீங்க சக்தியை ஏத்தினா, இந்தச் சுவருக்குள்ள ஊசி மாதிரி ஒரு துளை போட்டுத் தண்ணியை விடுவேன். வரைஞ்சே வச்சிருக்கேன். தேவைப்படாம ஒரு கிராம் கூட போட மாட்டேன்."

இத்தனை வருஷத்தில் எர்மெஸிடமும் எல்லாரிடமும் வாய் கிழியப் பேசிய பெருமை எல்லாம் ஒரு கணக்கிலும் சேராது என்று நிவெஸுக்குத் தோன்றியது. அன்றைக்குத்தான் உண்மையாகவே அவளுக்குப் பெருமையாக இருந்தது. தன் பிளாக் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்து நிற்கிற பெருமை. கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

பெல்த்ராமி மலகோலியின் பக்கம் திரும்பினார்.

"இயந்திர வரிசைக்கு இடம் ஒழிச்சு வைங்க. குட்டிங்க ரெண்டையும் இங்கயே செய்யப் போறோம். இந்த பிளாக்கை என் காருல ஏத்துங்க, மிலான்ல எல்லாரும் பாக்கணும்."

மலகோலி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூடத்தில் சத்தம் எழுந்தது. யாரோ கத்தினார்கள், யாரோ அழுதார்கள். இவானோ நிவெஸைத் தூக்கப் பார்த்து, முடியாமல் கட்டிக்கொண்டான். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு துணியை எடுத்தான், விருந்தாளி காருக்குப் போகிற பிளாக்கைச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும் அல்லவா. எண்ணெயைத் துடைத்தான், ஓரங்களைத் துடைத்தான், வட்டத்துக்கு வந்தபோது பெல்த்ராமி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்த சாக்பீஸை மட்டும் அழிக்காதீங்க," என்றார்.